இரண்டாவது விளக்கு

ஜூன் 9, திங்கள்

பியூலாவின் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருக்கிறது. காலையில் மின்சாரம் போய்த் திரும்பி வந்ததிலிருந்து இப்படித்தான். பீப் என்று ஒன்று, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மறுபடியும் பீப். எலியாக இருக்குமென்று முதலில் நினைத்தேன். எலி இவ்வளவு ஒழுங்காகக் கத்தாது.

அறையைத் திறக்கவில்லை. முன்னறையில் மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அவ்வளவாகக் கேட்பதில்லை.

கேஸ் தீர்ந்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

கேஸ் இணைப்பு பியூலா பெயரில் இருக்கிறது. சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்கும் எண் அவளுடைய போனுக்குத்தான் போகும். அந்த போன் இப்போது நாகர்கோவிலில் அவள் தம்பி எட்வினிடம் இருக்கிறது. சிலிண்டர்காரரை வாசலில் நிற்கவைத்துவிட்டு எட்வினைக் கூப்பிட்டு எண்ணை வாங்கிச் சொன்னேன். எட்வின் மரியாதையாகத்தான் பேசினார். பேரை மாற்றிக்கொள்ளுங்களேன் டீச்சர் என்றவர், பாதியில் நிறுத்திவிட்டு, வெயில் எப்படி என்று கேட்டார். வெயில் அதிகம்தான் என்று சொன்னேன்.

சத்தம் நிற்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினாள். பெயர் ஷமீமா, சொந்த ஊர் கடையநல்லூர், சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பியூலா டீச்சரின் எண்ணுக்குப் பல தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை, டீச்சர் முன்பு ஒரு தடவை இந்த எண்ணையும் கொடுத்திருந்தார் என்றாள்.

பிப்ரவரியில் இறந்துவிட்டாள் என்று சொன்னேன். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே என்று சொன்னேன். இதையெல்லாம் இப்போது எனக்குத் தடங்கல் இல்லாமல் சொல்ல வருகிறது.

பிறகு அவள் கேட்டாள்:

"நீங்க பகவதி டீச்சர்தானே? குரல் தெரியுது. நீங்க எப்படி இருக்கிய, டீச்சர்?"

எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன் என்றேன். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. இந்த நாலு மாதத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பது வைத்த பிறகுதான் தோன்றியது. நான் பார்த்திராத ஒரு பெண்ணுக்கு என் குரல் எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

ஷமீமா மறுபடி கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். அவளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. பள்ளியில் படிக்கும் காலத்திலிருந்து பியூலா படித்துப் பதிவு செய்த பாடங்களைக் கேட்டுத்தான் தேர்வுகள் எழுதியிருக்கிறாள். அவளைப் போல இன்னும் பலர், ஊர் ஊராக. பியூலா ஒரு இணைப்பு கொடுத்திருந்தாளாம். அதைத் தொட்டால் இந்த வீட்டிலிருக்கும் பெட்டியிலிருந்து பாடங்கள் அவர்கள் போனுக்கு வந்துவிடும். திங்கட்கிழமையிலிருந்து வரவில்லை. மதுரையில் ஒரு விடுதியில் இருக்கும் பெண்கள் ஆகஸ்டில் ஆசிரியர் தேர்வு எழுதப்போகிறார்கள். வரலாற்றுப் பாடம் பாதிதான் அவர்கள் கையில் இருக்கிறது.

பியூலா பதிவு செய்வது எனக்குத் தெரியும். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மதியம் முழுவதும் அந்த வேலைதான். அவள் அந்தப் பக்கம் படிப்பாள், நான் இந்தப் பக்கம் சமையலைப் பார்ப்பேன். இத்தனை பேருக்குப் போகிறது என்று தெரியாது. கணக்கு டீச்சருக்கு வரலாறு எதற்கு என்று கேலி செய்திருக்கிறேன்.

பெட்டி எந்த நிலையில் இருக்கிறது, பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். அறையைத் திறந்தேன். கதவு கொஞ்சம் இறுகியிருந்தது. எட்வின் பீரோவையும் லேப்டாப்பையும் பைபிளையும் கொண்டுபோய்விட்டார். பழைய கம்ப்யூட்டரும் மைக்கும் மேசையில் இருந்தன. அலமாரியில் ஒரு கருப்புப் பெட்டி, இரண்டு செங்கலைச் சேர்த்து நிறுத்தியது போல. இன்டர்நெட் சாமான் என்று நினைத்து அதை விட்டுப் போயிருக்கிறார்.

"முன்னாடி விளக்கு எரியுதா டீச்சர்? என்ன கலர்?"

"ரெண்டு இருக்கு. மொதல்ல உள்ளது பச்சை. ரெண்டாவது சிவப்பு."

அதற்குள் இரண்டு டிஸ்க் இருக்கின்றன, ஒன்றில் எழுதுவதையே மற்றொன்றிலும் பெட்டி எழுதிக்கொண்டே வரும் என்று விளக்கினாள். ஒன்று போனாலும் மற்றதில் எல்லாம் இருக்கட்டும் என்றுதான் டீச்சர் அப்படி வைத்தார்கள். இப்போது இரண்டாவது போய்விட்டது, அதனால் பெட்டி பாடங்களை வெளியே அனுப்புவதை நிறுத்திவிட்டது. பச்சை எரிவதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே எடுக்கக்கூடாது. உள்ளே நுழைந்து பார்க்கப் பாஸ்வேர்டு வேண்டும்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா?"

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

பீப்பை நிறுத்தப் பின்னால் ஒரு பொத்தான் இருப்பதைச் சொன்னாள். அழுத்தினேன். வீடு அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஷமீமா சொல்லிக்கொடுத்தபடி என் போனில் பெட்டியின் பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தேன். பியூலாவின் பிறந்தநாள். பள்ளியின் பெயர். பைபிளில் அவளுக்குப் பிடித்த சங்கீதத்தின் எண். அவள் அம்மா பெயர். எல்லாமே தவறு என்று வந்தது.

என் பெயரைப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டு, அதுவும் தவறு என்று வந்துவிட்டால்?

ஜூன் 17, செவ்வாய்

ஷமீமாவிடம் இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். அவள் அவசரப்படுத்தவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். இரண்டு டிஸ்க்கும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வயது. ஒன்று போய்விட்டதென்றால் மற்றதும் தளர்ந்துதான் இருக்கும். புது டிஸ்க்கை வைத்தால் பெட்டி பழையதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படித்துப் புதியதில் எழுதும். அந்த வேலையைப் பழையது தாங்குமோ தாங்காதோ. அதனால் முதலில் பாடங்களை வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் புது டிஸ்க்.

சரி என்றேன். தோசை மாவு புளித்துவிட்டது. எதிர்வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றால் அவர்கள் ஊரில் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

இங்கே எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். போனில் எடுத்த பெட்டியின் படத்தைக் காட்டினேன். கடைக்காரர், இதற்கெல்லாம் பாஸ்வேர்டே வேண்டாம், சிவப்பு எரிவதை உருவிவிட்டு இதைச் செருகுங்கள், அதுவே எல்லாவற்றையும் சரி செய்துகொள்ளும் என்று சொல்லிப் புது டிஸ்க்கைக் கையில் கொடுத்தார். பெட்டி யாருடையது என்று கேட்டார்.

"கூட வேலை பாத்தவங்களோடது."

வீட்டுக்கு வரும் வழியில் ஜங்ஷனில் பஸ் வெகுநேரம் நின்றது. பாஸ்வேர்டு இல்லாமலே முடிகிற வேலை என்றால் எதற்கு அந்தப் பெண்ணிடம் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 21, சனி

காலையில் செருகிவிட்டேன். இரண்டாவது விளக்கு சிவப்பிலிருந்து மாறிப் பச்சையாகச் சிமிட்ட ஆரம்பித்தது. மனது லேசாக இருந்தது. ரசம் வைத்து அப்பளம் பொரித்தேன். மதியம் முழுவதும் நாற்காலியை அந்த அறையிலேயே போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஏதோ சுழலும் மெல்லிய சத்தம். துணைக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் சத்தம் மாறியிருந்தது. டக், டக் என்று, பல்லைக் கடிப்பது போல. பிறகு முதல் விளக்கும் சிவப்பாகிவிட்டது. மறுபடி பீப். சுவிட்சை அணைத்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஷமீமா இரண்டு தடவை அடித்தாள். எடுக்கவில்லை.

ஜூன் 25, புதன்

துணி துவைத்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் சொன்னது, நான் செருகியது, டக் டக் சத்தம், அணைத்தது.

"அணைச்சது நல்லது, டீச்சர். அதுக்கு அப்புறம் போடலைலா?"

"போடல."

"அப்போ இன்னும் வழி இருக்கு. ஆனா பாஸ்வேர்டு தெரியலன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு அதுகூடத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது என்றேன். அவள் சிரித்தாள். கேலியாக இல்லை.

"எங்க வாப்பா போன் பாஸ்வேர்டு எங்க உம்மாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவங்களுக்கு வெள்ளி விழாவே முடிஞ்சாச்சு."

பெட்டி வழியாகப் போனால்தான் பாஸ்வேர்டு வேண்டுமாம். டிஸ்க்கைத் தனியே வெளியில் எடுத்து, வேறொரு முறையில் கம்ப்யூட்டரோடு இணைத்துப் படித்தால் தேவையில்லையாம். டீச்சர் உள்ளே பூட்டு எதுவும் போட்டிருக்க மாட்டார்கள் என்றாள். அதற்கான பென் டிரைவை அவளே தயார் செய்து அனுப்புகிறாள்.

வாப்பாவையும் உம்மாவையும் எதற்கு உதாரணமாகச் சொன்னாள் என்று வெங்காயம் அரிந்துகொண்டே யோசித்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

எட்வின் பேசினார். வீட்டை வாங்க ஆள் வந்துவிட்டார்களாம். ஆகஸ்ட் கடைசிக்குள் காலி செய்தால் போதும், அவசரமில்லை என்றார். வீடு பியூலா பெயரில்தான் இருந்தது. அவளுக்குப் பிறகு அது தம்பிக்குத்தான். நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டியது என்பதற்கு எங்கும் எழுத்து கிடையாது. அதைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. பேசுகிற எண்ணமும் இல்லை.

பெட்டியைப் பற்றி மட்டும் கேட்டேன். உங்கள் அக்காவின் சாமான் ஒன்று இருக்கிறது, திறந்து பார்க்கலாமா என்று. அவருக்குப் புரியவில்லை. நெட் பெட்டியா, வச்சுக்கிடுங்க டீச்சர் என்றார்.

ஜூலை 5, சனி

பென் டிரைவ் வந்துவிட்டது. டிஸ்க்கைச் செருகும் தொட்டில் போன்ற ஒரு சாதனத்தைக் கடையில் வாங்கிவந்திருந்தேன். இந்தத் தடவை கடைக்காரரிடம் யோசனை எதுவும் கேட்கவில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். பழைய கம்ப்யூட்டர் பென் டிரைவிலிருந்து எழுந்து வந்தது. கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஷமீமா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல நான் அடித்தேன். அடித்ததை நான் திரும்பப் படித்தேன். திரையில் வருவதையெல்லாம் வாசித்தேன்.

"மத்த நாள்ல கம்ப்யூட்டரே எனக்குப் படிச்சுச் சொல்லும், டீச்சர். இன்னைக்கு நீங்க படிக்கிய. இது நல்லா இருக்கு."

ஓரிடத்தில் ஒரு எழுத்தை நான் மாற்றி அடித்திருந்தேன். படிக்கும்போதே அவள் பிடித்துவிட்டாள். அப்படியே அழுத்தியிருந்தால் பிரதிக்காக இணைத்திருந்த வெற்று டிஸ்க்கை எடுத்துப் பியூலாவின் டிஸ்க் மேல் எழுதியிருக்கும். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்றாள். குடித்துவிட்டு வந்து திருத்தினேன். மறுபடி முழுவதையும் படிக்கச் சொன்னாள். படித்தேன். "இப்போ அழுத்துங்க" என்றாள்.

ஓட ஆரம்பித்தது. முதலில் நன்றாக இருக்கும் இடங்களை மட்டும் படித்துக்கொள்ளுமாம். முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு திரும்பி வந்து மெதுவாகக் கேட்டுப் பார்க்குமாம். பள்ளியில் நான் பிள்ளைகளிடம் செய்யாதது இது என்று சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு.

ஜூலை 6, ஞாயிறு

ஓடுகிறது. டிஸ்க் சுடுகிறது. மேசை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு நான் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

மின்சாரம் போனது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். எங்கே விட்டதோ அங்கிருந்தே தொடரும், அது தன் இடத்தைக் குறித்துவைத்திருக்கும் என்றாள் ஷமீமா. அப்படியே தொடர்ந்தது.

மகாராஜ நகரில் ஒரு மாடி வீடு பார்த்தேன். தனியாகவா இருப்பீர்கள் என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

ஜூலை 12, சனி

முரண்டு பிடிக்கும் இடங்களுக்கு வந்திருக்கிறது. எண்கள் நகர்வதே இல்லை. ஷமீமா மாலையில் வேலை முடிந்ததும் கூப்பிட்டுத் திரையைப் படிக்கச் சொல்கிறாள். படிக்க அதிகமில்லை என்றால் வேறு ஏதாவது பேசுகிறாள். இன்று என்ன சமைத்தீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் சமைக்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, முருங்கைக்காய் சாம்பார் என்றேன். பிறகு போய் வைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

முடிந்தது. பெரும்பாலும் வந்துவிட்டது. ஒரு பகுதியை மட்டும் எத்தனை தடவை கேட்டும் படிக்க முடியவில்லை. அங்கே இருந்தவற்றில் பழைய பாடங்கள் பலவும் கேட்டவர்களின் போன்களில் இருக்கின்றன. யாரோ தென்காசியில், யாரோ சேலத்தில், திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பதாக ஷமீமா சொன்னாள்.

வரலாற்றின் கடைசி மூன்று பாடங்கள் யாரிடமும் இல்லை. ஜனவரியில் பதிவு செய்தவை. யாருக்கும் அனுப்புவதற்கு முன்பே பியூலா போய்விட்டாள். அவள் கடைசியாகப் படித்தவை அவைதான்.

அப்போதே அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அது அதில் கேட்டிருக்கும். போகட்டும்.

ஜூலை 16, புதன்

கோப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுப் பார்க்க வேண்டும் என்றாள் ஷமீமா. தானே கேட்டுவிடுவதாகவும் சொன்னாள். இல்லை, நான் பார்க்கிறேன் என்றேன்.

கேட்டேன்.

ஜூலை 17, வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

பிரெஞ்சுப் புரட்சியைத் திறந்தேன். முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டாள். எப்போதும் செய்வதுதான். பிறகு பாடத்தின் தலைப்பு, பக்க எண். கணக்கு டீச்சருக்கே உரிய குரல், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைப்பது போல. ரொட்டி விலை ஏறியது, பெண்கள் அரண்மனையை நோக்கி நடந்தார்கள் என்று படித்துக்கொண்டு வருகிறாள். பின்னால் குக்கர் விசில். அவள் நிறுத்தினாள்.

"ஏட்டி பகவதி, இது எத்தனாவது விசில்?"

"நீ ராஜாவ கொல்லு. நான் குக்கர பாத்துக்கிடுதேன்."

இது என் குரல். தூரத்திலிருந்து, அடுக்களையிலிருந்து. பியூலா சிரிக்கிறாள். அடக்கப் பார்த்து முடியாமல் மேசையைத் தட்டிச் சிரிக்கிறாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மன்னிக்கவும், பக்கம் அறுபத்தி நாலு" என்று மறுபடி ஆரம்பிக்கிறாள்.

நான் எவ்வளவு சத்தமாகப் பேசியிருக்கிறேன். எனக்குத் தெரியவே தெரியாது.

ஜூலை 20, ஞாயிறு

ஒவ்வொரு பாடத்திலும் நான் இருக்கிறேன். கீரைக்காரியிடம் வாதாடுகிறேன். ஏதோ பழைய பாட்டைத் தப்பாக முணுமுணுக்கிறேன். காபி ஆறுகிறது என்று கத்துகிறேன், இரண்டாம் தடவை கோபமாக.

இதை அப்படியே விடுதிப் பெண்களுக்கு அனுப்புவது சரியில்லை, என் குரல் வரும் இடங்களை வெட்டிவிடலாமா என்று ஷமீமாவிடம் கேட்டேன்.

"வெட்டக்கூடாது, டீச்சர்." அவள் இவ்வளவு கறாராகப் பேசி நான் கேட்டதில்லை. "முன்னாடி ஒரு புத்தகத்துக்கு பியூலா டீச்சர் சத்தத்தையெல்லாம் எடுத்துட்டு அனுப்புனாங்க. நாங்கதான் சண்ட போட்டோம். விடுதில இருக்கவங்க டீச்சர் நாங்க. வீட்டச் சத்தமாத்தான் தெரியும் எங்களுக்கு. அது இல்லாம கேட்டா ரேடியோ மாதிரி இருந்துச்சு."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"உங்க குரல் எப்படித் தெரியும்னு நீங்க கேக்கவே இல்ல. எங்க எல்லாருக்கும் தெரியும். பியூலா டீச்சர் வீட்டுல பகவதி டீச்சர் உண்டு. படிக்கதுக்கு ஒருத்தங்க, சாப்பிடக் கூப்பிடதுக்கு ஒருத்தங்க. நாங்க அப்படித்தான் பேசிக்கிடுவோம்."

பேச்சை மாற்றி, இரண்டு புது டிஸ்க் போட்டுப் பெட்டியை எப்போது சரி செய்யலாம் என்று கேட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

மூன்று பாடங்களையும் நானே படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு யாரையாவது தேட நேரமில்லை என்பதால்தான்.

முதல் பாடத்தை அனுப்பினேன். தெளிவாக இருக்கிறது டீச்சர், ஆனால் வகுப்பில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று ஷமீமாவிடமிருந்து பதில் வந்தது. இனிமேல் உட்கார்ந்து படித்துப் பாருங்கள் என்றும் இருந்தது. நான் உட்கார்ந்துதான் படித்திருந்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

மூன்றாவது பாடமும் முடிந்தது. கடைசியாக அனுப்பியதுதான் நன்றாக இருக்கிறது என்றாள். நடுவில் எனக்குத் தும்மல் வந்தது. அதை எடுக்கவில்லை.

விடுதிப் பெண்கள் எல்லாப் பாடங்களையும் இறக்கிக்கொண்டார்கள். ஷமீமா தன்னிடமும் ஒரு பிரதி வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வீட்டை அளந்து பார்க்க எட்வின் ஒருவரோடு வந்தார். வந்தவர் அளந்துவிட்டுப் போனார். எட்வின் போகாமல் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்தேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்டார். அவருக்குத் தெரிய வேண்டும்தானே. சொன்னேன். பிறகு, அக்கா குரலைக் கேட்கிறீர்களா என்று கேட்டேன்.

அவர் தலையசைக்க, பிரெஞ்சுப் புரட்சியைப் போட்டேன். வேறொன்றைப் போட்டிருக்கலாம். கை அதற்குத்தான் போனது.

குக்கர் விசில் வந்தது. ராஜாவைக் கொல்லச் சொல்லி நான் கத்தினேன். பியூலா சிரித்தாள். எட்வின் தம்ளரைக் கீழே வைத்தார். பாடம் முடியும் வரை அப்படியே இருந்தார்.

"அக்கா இப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. எங்க வீட்டுல அவ சத்தமாவே பேசமாட்டா."

நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடக்கத்தன்னைக்கு நீங்க எங்க நின்னிய, டீச்சர்? நான் பாத்ததா ஞாபகமே இல்ல."

"கேட் பக்கம். ஸ்கூல் ஆளுகளோட."

"உள்ள கூப்பிட்டிருக்கணும்" என்றார். அன்று நல்ல கூட்டம், வெயில் வேறு என்று நான் சொன்னேன். அவருக்காகத்தான் அப்படிச் சொன்னேன். அவரும் அதைப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

போகும்போது எல்லாப் பாடங்களின் பிரதியையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். வீட்டைப் பற்றி அவர் எதுவும் மாற்றிச் சொல்லவில்லை. முன்பணம் வாங்கிவிட்டார், பாவம், அவருக்கும் இரண்டு பெண்கள். அறையில் இருக்கிற எல்லாம் உங்களுக்குத்தான், கேஸ் இணைப்பை மாற்றக் கையெழுத்து வேண்டுமென்றால் வந்து போடுகிறேன் என்றார். கல்லறையில் கல் வைக்கும் நாளைச் சொல்கிறேன், இந்தத் தடவை எங்களோடு நிற்க வேண்டும் என்றும் சொன்னார்.

அவர் போன பிறகு தம்ளரைக் கழுவினேன். பிறகு அடுக்களையிலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பிப்ரவரியில் அழவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

தேர்வு நேற்று முடிந்தது. வரலாற்றில் எல்லாம் படித்த பாடத்திலிருந்துதான் வந்தது என்று விடுதிப் பெண்கள் சொன்னார்களாம். நான் பதிவு செய்த பாடத்திலிருந்தும் ஒரு கேள்வி வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 30, சனி

சாமான் ஏற்றியாயிற்று. சாவியைத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தார் எட்வின். பிறகு அவரே வந்து வாங்கிக்கொண்டார்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

செப்டம்பர் 3, புதன்

மகாராஜ நகர் வீட்டில் முதல் வேலையாகப் பெட்டியைத் தயார் செய்தோம். இரண்டு புது டிஸ்க், வெவ்வேறு கடையில் வாங்கியவை. அது ஷமீமாவின் உத்தரவு. பாஸ்வேர்டு என்ன வைக்க என்று கேட்டாள். சொன்னேன். "அவங்க பேரா, டீச்சர்?" என்றாள். ஆமாம் என்றேன். அது ரொம்ப எளிது, யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள், கூட இரண்டு எண்ணாவது சேருங்கள் என்றாள். சேர்த்தேன்.

இரண்டும் பச்சை.

செப்டம்பர் 9, செவ்வாய்

புதிதாகப் பொருளாதாரப் புத்தகம் ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள். படிக்கும் வேகம் பிடிபடுவதற்காக, ஆரம்பிக்கும் முன் பியூலாவின் பழைய பாடம் ஒன்றைப் போட்டுக் கேட்பது வழக்கமாகிவிட்டது. இன்று மதியம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டுப் பெண். பெயர் தங்கபுஷ்பம் என்றாள், கணவன் பீடிக் கம்பெனியில் இருக்கிறான். கையில் ஒரு கிண்ணம் நிறையக் கூட்டாஞ்சோறு. உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஒத்தையா இருக்கியன்னுல்லா வீட்டுக்காரம்மா சொன்னாங்க. ரெண்டு பேரு பேசிச் சிரிக்க சத்தம் கேக்கு. யாரும் வந்திருக்காங்களோ?"

பதிவு என்று சொன்னேன். கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் படித்து வைத்தது, அதில் ஒரு குரல் என்னுடையது, மற்றவள் பிப்ரவரியில் இறந்துவிட்டாள்.

"அடடா. அக்காவா உங்களுக்கு?"

இல்லை என்றேன். கூட வேலை பார்த்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே பியூலா எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவகூடத்தான் நான் வாழ்ந்தேன்" என்றேன்.

தங்கபுஷ்பம் என்னைப் பார்த்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை. கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பாடத்தைக் கேட்டாள்.

"நல்லா படிக்காங்க" என்றாள்.

"ஆமா" என்றேன். "உள்ள வந்து உக்காந்து கேளுங்க."